நாளைய கணிப்பொறியும் இன்றைய இராணுவ ரகசியமும்

– மூன்றாமாண்டு மாணவன், கணிப்பொறிப் பிரிவு



நமது மாணவர் பேரவை ஆண்டு மலரில் கவிதை, ஜோக்ஸ், சுற்றுலா அனுபவம் எல்லாம் வரும். கூடவே பாடம் சம்பந்தமான கட்டுரை ஒன்றிரண்டும் வரும். அந்தப் பக்கம் வந்ததும் பல பேர் சட்டென்று புரட்டிவிட்டு அடுத்த ஜோக்குக்குப் போய்விடுவோம். இந்த ஒரு தடவை கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லப்போவது அமெரிக்க இராணுவத்தின் கணிப்பொறிகளைப் பற்றி. ஆனால் இதற்குள் இருக்கும் கணக்கு வகுத்தல், மீதி, அவ்வளவுதான். அதைச் செய்து முடிக்கப்போகும் வேலையோ நம்மைப் போன்ற டிப்ளமோ படித்தவர்களின் கைக்கு வரும் வேலை.

விஷயம் இதுதான். உலகத்தின் பெரும்பாலான ரகசியச் செய்திகளைப் பூட்டி வைத்திருக்கும் ஒரு பூட்டுக்கு, இன்னும் முழுதாகக் கட்டி முடிக்கப்படாத ஒரு இயந்திரத்தால் ஆபத்து வந்திருக்கிறது. அந்த இயந்திரத்தின் பெயர் குவாண்டம் கணிப்பொறி. "கட்டியே முடிக்கலை, அதுக்குள்ள ஏன் பயம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான்.

முதலில் பூட்டைப் பார்ப்போம்

ஒரு செய்தியை எதிரிக்குப் புரியாதபடி மாற்றி அனுப்புவதைச் சங்கேதமாக்குதல் என்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே சாவி இருக்கும். வீட்டுப் பூட்டுக்கு அப்பாவிடம் ஒரு சாவி, அம்மாவிடம் அதே போல இன்னொரு சாவி இருக்கிற மாதிரி. 2001-ல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஏ.இ.எஸ். முறை இந்த வகை. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் சாவியை முதலில் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்குச் சாவி கொடுக்க ஆள் போக வேண்டுமே! இராணுவங்கள் உண்மையிலேயே அப்படித்தான் செய்துவந்தன. துளையிட்ட காகித நாடாவில் சாவிகளைப் பதித்துக் காவலோடு எடுத்துப் போனார்கள். பிறகு, கையடக்கமான சாவி நிரப்பும் கருவிகள் வந்தன.

இரண்டாவது வகைதான் பொதுச்சாவி முறை. இதில் பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறு சாவி. பூட்டும் சாவியை ஊருக்கே கொடுக்கலாம். திறக்கும் சாவியை நம்மிடம் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். டிஃபியும் ஹெல்மனும் 1976-ல் இந்த வழியைத் திறந்துவிட்டார்கள். ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் என்ற மூவர் 1977-ல் ஆர்.எஸ்.ஏ. முறையைக் கண்டுபிடித்தார்கள். பிரிட்டிஷ் அரசின் உளவு அமைப்பில் வேலை பார்த்த கிளிஃபர்ட் காக்ஸ் 1973-லேயே இதே கணக்கைப் போட்டிருந்தார். ரகசியம் என்பதால் 1997 வரை அது வெளியுலகத்துக்குத் தெரியாது!

ஒரு சின்ன ஆர்.எஸ்.ஏ. பூட்டு செய்து பார்ப்போம். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

3, 11 என்று இரண்டு பகா எண்கள். பெருக்கினால் 33. ஒவ்வொன்றிலும் 1 குறைத்துப் பெருக்கினால் 2 × 10 = 20. பொதுச்சாவியாக 3 என்ற எண்ணை வைத்துக்கொள்வோம். 3-ஐ எதனால் பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? 7. ஏனென்றால் 3 × 7 = 21. ஆக, ஊருக்குச் சொல்வது 33, 3 என்ற இரண்டு எண்கள். நம் ரகசியம் 7.

நண்பர் நமக்கு 4 என்ற எண்ணை ரகசியமாக அனுப்ப வேண்டும். அவர் 4-ஐ மூன்று முறை பெருக்குகிறார், 64 வருகிறது. 33-ஆல் வகுத்தால் மீதி 31. அந்த 31-ஐத்தான் அனுப்புகிறார். நாம் 31-ஐ ஏழு முறை பெருக்கினால் 27512614111 வரும். அதை 33-ஆல் வகுத்தால் மீதி 4. செய்தி வந்துவிட்டது! சயின்டிஃபிக் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எதிரிக்கு 33 தெரியும், 3 தெரியும். 7 தெரிய வேண்டுமானால் 33-ஐ 3 × 11 என்று பிரிக்கத் தெரிய வேண்டும். 33-ஐ யார் வேண்டுமானாலும் பிரித்துவிடுவார்கள். ஆனால் உண்மையான 2048 பிட் ஆர்.எஸ்.ஏ.-வில் அந்த எண்ணுக்கு 617 இலக்கங்கள். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். அதற்கே, கணிப்பொறிச் செயலியின் ஒரே ஒரு கோர் தனியாக உட்கார்ந்து செய்தால் ஏறக்குறைய 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும் அளவு உழைப்பு தேவைப்பட்டது. 617 இலக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தக் கஷ்டம்தான் பூட்டின் பலம்.

பூட்டை உடைக்கும் கணக்கு

1994-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் ஷோர் என்ற கணித அறிஞர் ஒரு வழி சொன்னார். எண்ணை நேரடியாகப் பிரிக்க முயலாதே, அதற்குப் பதில் அதில் ஒரு சுழற்சியைத் தேடு என்பதே அவர் வழி. இதையும் செய்து பார்ப்போம்.

15-ஐப் பிரிக்க வேண்டும். 7-ஐ எடுத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பெருக்கி, 15-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 7, 4, 13, 1. அடுத்து மறுபடியும் 7, 4, 13, 1. நாலுக்கு ஒரு தடவை திரும்ப வருகிறது. சுழற்சி நீளம் 4, அதில் பாதி 2. 7-ஐ இரண்டு முறை பெருக்கினால் 49. அதிலிருந்து ஒன்று கழித்தால் 48, ஒன்று கூட்டினால் 50. 48-க்கும் 15-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 3. 50-க்கும் 15-க்கும் 5. ஆக 15 = 3 × 5. முடிந்தது!

பெரிய எண்ணில் சுழற்சி நீளம் கற்பனைக்கு எட்டாத அளவுக்குப் பெரியது. சாதாரணக் கணிப்பொறி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனால் யுகம் முடிந்துவிடும். குவாண்டம் கணிப்பொறியின் கியூபிட் 0, 1 இரண்டின் கலவையாகவும் இருக்கக்கூடியது. அலைகள் ஒன்றோடு ஒன்று மோதித் தேவையில்லாதது அடங்கித் தேவையானது ஓங்குவது போல, அந்தச் சுழற்சி நீளத்தை அது வெளிக்கொண்டு வந்துவிடும். "எல்லா விடையையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும்" என்று சிலர் எழுதுவது சரியல்ல. சுழற்சி என்ற ஒழுங்கு இருப்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது. ஆர்.எஸ்.ஏ., டிஃபி-ஹெல்மன், நீள்வட்ட வளைவு முறை மூன்றிலும் இந்த ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. அதனால் மூன்றும் விழும்.

ஏ.இ.எஸ்.-ல் அப்படிப்பட்ட சுழற்சி இல்லை. 1996-ல் லவ் குரோவர் என்ற இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி சொன்ன குவாண்டம் தேடல் முறை அதை ஓரளவு பலவீனப்படுத்தும். தேட வேண்டிய எண்ணிக்கையை வர்க்கமூலம் ஆக்கிவிடும். 256 பிட் சாவி 128 பிட் சாவியின் பலத்துக்கு இறங்கும். அதுவும் உடைக்க முடியாத பலம்தான். ஆகவே ஒரே சாவிப் பூட்டு தப்பித்தது, பொதுச்சாவிப் பூட்டுதான் மாட்டிக்கொண்டது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் எங்கே இருக்கிறது?

2001-ல் ஐ.பி.எம். விஞ்ஞானிகள் 7 கியூபிட் வைத்து 15-ஐ 3 × 5 என்று பிரித்துக் காட்டினார்கள். நாம் இப்போது பேப்பரில் செய்த அதே கணக்கு! 2023 டிசம்பரில் அதே நிறுவனம் 1,121 கியூபிட் உள்ள சில்லு ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஆனால் இந்தக் கியூபிட்டுகள் எளிதில் பிழை செய்யும். பிழையைத் திருத்தவே பல கியூபிட்டுகள் துணைக்கு வேண்டும்.

அப்படியானால் 2048 பிட் ஆர்.எஸ்.ஏ.-வை உடைக்க எத்தனை கியூபிட் வேண்டும்? 2019-ல் கிட்னி, ஏக்கரோ என்ற இருவர் கணக்கிட்டார்கள்: 2 கோடி கியூபிட், 8 மணி நேரம். 2025 மே மாதத்தில் அதே கிட்னி மறுபடியும் கணக்கிட்டபோது 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம் போதும் என்று வந்தது. இயந்திரம் பெரிதாகிக்கொண்டு ஒரு பக்கம் வருகிறது, தேவை குறைந்துகொண்டு இன்னொரு பக்கம் வருகிறது. இரண்டும் எந்த ஆண்டில் சந்திக்கும் என்று யாராலும் தேதி குறித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் கவலை.

இன்றைக்குப் பதிவு, பிறகு படிப்பு

எதிரி இன்றைக்குச் செய்தியைத் திறக்க வேண்டியதில்லை. காற்றில் போகும் ரேடியோ அலையையும், கடலடிக் கேபிளில் போகும் பிட்டுகளையும் பதிவு செய்து வைத்துக்கொண்டால் போதும். இயந்திரம் வரும் நாளில் திறந்து படித்துக்கொள்ளலாம். "இப்போ சேர்த்து வை, அப்புறம் படி" என்ற தந்திரம் இது.

இது கற்பனை இல்லை. சரித்திரத்தில் நடந்திருக்கிறது. 1943 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படையின் சங்கேதப் பிரிவு, சோவியத் தூதரகங்கள் அனுப்பிய தந்திகளைப் படிக்கும் ஒரு வேலையைத் தொடங்கியது. பின்னாளில் அதற்கு வெனோனா என்று பெயர் வந்தது. சோவியத் தரப்பு ஒரு தடவை மட்டுமே பயன்படுத்த வேண்டிய சாவித்தாள்களை வைத்திருந்தது. முறைப்படி பயன்படுத்தினால் அதை எந்தக் கணிப்பொறியாலும் உடைக்க முடியாது. ஆனால் 1942 வாக்கில் போர் நெருக்கடியில், ஆயிரக்கணக்கான தாள்களை இரண்டு பிரதியாக அச்சடித்துவிட்டார்கள். ஒரே சாவி இரண்டு தந்திகளுக்குப் போய்விட்டது. அந்த ஓட்டை வழியாக அமெரிக்கர்கள் உள்ளே புகுந்தார்கள்.

1944-ல் போன தந்தி ஒன்று 1949-ல் படிக்கப்பட்டது. அணுகுண்டு ரகசியத்தைக் கொடுத்தவர் கிளாஸ் ஃபூக்ஸ் என்ற விஞ்ஞானி என்பது அதிலிருந்து தெரிந்தது. 1950-ல் அவர் சிறைக்குப் போனார். வெனோனா வேலை 1980 வரை நடந்தது. 1940-களில் அனுப்பிய தந்திகளை 1970-களிலும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்றால் பாருங்கள். அனுப்பியவர் மறந்திருப்பார், பதிவு செய்தவர் மறக்கவில்லை.

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் மோஸ்கா இதை ஒரு எளிய சமன்பாடாகச் சொல்லியிருக்கிறார். ரகசியம் எத்தனை ஆண்டு காக்கப்பட வேண்டும் என்பது அ. புதிய பூட்டுக்கு மாற எத்தனை ஆண்டு ஆகும் என்பது ஆ. குவாண்டம் கணிப்பொறி வர எத்தனை ஆண்டு என்பது இ. அ + ஆ என்பது இ-ஐ விடப் பெரியதாக இருந்தால் ஆபத்து.

ஒரு உதாரணம். எதிரி நாட்டில் நமக்காக வேலை பார்க்கும் ஒருவரின் பெயரை 25 ஆண்டு காப்பாற்ற வேண்டும். மாற்றத்துக்கு 10 ஆண்டு ஆகும். மொத்தம் 35. இயந்திரம் 20 ஆண்டு கழித்துத்தான் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 15 ஆண்டு குறைகிறது. மாற்றம் முடிவதற்கு முந்தைய நாள் அனுப்பிய செய்தியை எதிரி அந்த 15 ஆண்டும் படிக்கலாம். அந்தப் பெயருக்குரிய மனிதர் அப்போது உயிரோடு இருப்பார், அவருடைய பிள்ளைகளும் இருப்பார்கள். இது உயிர்ப் பிரச்சினை நண்பர்களே!

இராணுவத்தில் மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

நம் கைபேசியை இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றிவிடுகிறோம். இராணுவம் அப்படி மாற்ற முடியாது. பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசி விமானம் 1962-ல் கட்டப்பட்டது. 2050-கள் வரை அவற்றைப் பறக்கவைக்கத் திட்டம். அமெரிக்க அணு ஆயுதக் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் ஒரு அமைப்பில் 8 அங்குல ஃபிளாப்பி டிஸ்க் இருந்தது. அது 2019-ல்தான் மாற்றப்பட்டது! நாம் 8 அங்குல ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அடுத்தது இடப் பிரச்சினை. இன்று பயன்படும் 384 பிட் நீள்வட்ட வளைவுக் கையொப்பம் 96 பைட். அதற்குப் பதிலாக வரும் எம்.எல்.-டி.எஸ்.ஏ.-87 கையொப்பம் 4,627 பைட். ஏறக்குறைய 48 மடங்கு. வினாடிக்கு 2,400 பிட் வேகமுள்ள ஒரு நெடுந்தூர ரேடியோ இணைப்பை எடுத்துக்கொள்வோம். பழைய கையொப்பம் போக மூன்றில் ஒரு வினாடி. புதியது போக 15 வினாடிக்கு மேல். போர்க்களத்தில் 15 வினாடி தொடர்ந்து ஒலிபரப்பினால் எதிரி நாம் இருக்கும் திசையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே பூட்டை மட்டும் மாற்றினால் போதாது. செய்தியை எப்படித் துண்டு போடுவது, எதற்குக் கையொப்பம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எல்லாவற்றையும் திரும்ப யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, கூட்டாளி நாடுகள். ஒரு நாடு மாறி இன்னொரு நாடு மாறாவிட்டால் கூட்டுப் படையில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இராணுவத்தின் பல ரேடியோக்கள் இன்னமும் ஒரே சாவி முறையில்தான் இயங்குகின்றன. சாவியைக் கையால் நிரப்பும் பழைய வழக்கம், 256 பிட் சாவியோடு சேர்ந்தால், குவாண்டத்துக்கும் தாங்கும். பழசு என்று சிரித்தது கைகொடுக்கிறது.

அவர்கள் செய்துவரும் ஏற்பாடு

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ., 2015 ஆகஸ்டில் குவாண்டம் தாங்கும் முறைகளுக்கு மாறப்போவதாக அறிவித்தது. 2016 டிசம்பரில் நிஸ்ட் உலகத்துக்கே ஒரு போட்டி அறிவித்தது. புதிய பூட்டு செய்து கொண்டுவாருங்கள், எல்லோரும் சேர்ந்து உடைத்துப் பார்ப்போம் என்பது அதன் சாரம். 82 பூட்டுகள் வந்தன. 69 முதல் சுற்றுக்குப் போயின.

உடைத்துப் பார்ப்பது வெறும் பேச்சில்லை. இறுதிச் சுற்று வரை வந்த ரெயின்போ என்ற முறையை, 2022-ல் வார்ட் பியூலன்ஸ் என்பவர் ஒரு லேப்டாப்பும் ஒரு வாரக்கடைசியும் போதும் என்று உடைத்துக் காட்டினார். அதே ஆண்டு சைக் என்ற இன்னொரு முறையை, காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இருவர் சாதாரணக் கணிப்பொறியில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். குவாண்டம் இயந்திரமே தேவைப்படவில்லை! அவசரப்பட்டு ஏதோ ஒன்றைப் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மிஞ்சியவற்றிலிருந்து 2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்று தரங்கள் வெளிவந்தன. சாவி பரிமாற எம்.எல்.-கெம், கையொப்பமிட எம்.எல்.-டி.எஸ்.ஏ., எஸ்.எல்.ஹெச்.-டி.எஸ்.ஏ. 2025 மார்ச்சில் ஹெச்.க்யூ.சி. என்ற முறையையும் மாற்று ஏற்பாடாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

எம்.எல்.-கெம் எப்படி வேலை செய்கிறது? டீக்கடைக் கணக்கு ஒன்று போடுவோம். டீ 12 ரூபாய், வடை 10 ரூபாய். இது ரகசியம். 3 டீ, 2 வடை என்றால் 56 ரூபாய். 2 டீ, 5 வடை என்றால் 74 ரூபாய். இந்த இரண்டையும் சொன்னால் விலையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் கடைக்காரர் வேண்டுமென்றே ஒரு ரூபாய் முன்னே பின்னே சொல்கிறார். 57 என்றும் 73 என்றும் சொன்னால்? கணக்குப் போட்டால் டீ 12 ரூபாய் 64 காசு என்று வரும். முழு ரூபாயாக்கினால் 13, தப்பு! இரண்டு பொருளுக்கே இப்படி. எம்.எல்.-கெம்-1024-ல் 1,024 தெரியாத எண்கள், எல்லாம் 3329-ஆல் வகுத்த மீதிகள், ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஒரு சின்னப் பிழை. ஒவ்வொரு எண்ணாக நீக்கிக்கொண்டு போகும்போது பிழை பெருகி விடையையே மூழ்கடித்துவிடும். ஷோர் தேடும் சுழற்சி இதில் தென்படவில்லை.

என்.எஸ்.ஏ. 2022 செப்டம்பரில் சி.என்.எஸ்.ஏ. 2.0 என்ற பட்டியலை வெளியிட்டது. சாவி பரிமாற்றத்துக்கு எம்.எல்.-கெம்-1024, கையொப்பத்துக்கு எம்.எல்.-டி.எஸ்.ஏ.-87, சங்கேதமாக்க ஏ.இ.எஸ்.-256 என்று அதிகபட்ச அளவுகளையே இராணுவத்துக்குக் குறித்திருக்கிறது. அதன் கால அட்டவணை இது:

1. மென்பொருள், ஃபர்ம்வேர் கையொப்பம்: 2025-க்குள் புதியதற்கு முன்னுரிமை, 2030-க்குள் புதியது மட்டுமே.
2. ரவுட்டர் போன்ற வலைப்பின்னல் கருவிகள்: 2026, 2030.
3. இயங்குதளங்கள்: 2027, 2033.
4. தனிப்பட்ட தயாரிப்புகள், பழைய கருவிகள்: 2033-க்குள் மாற்ற வேண்டும், அல்லது ஒதுக்க வேண்டும்.

2027 ஜனவரி 1 முதல் தேசியப் பாதுகாப்பு அமைப்புகளுக்குப் புதிதாக வாங்கும் கருவிகள் இந்தப் பட்டியலுக்கு ஒத்திருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். செலவு? 2024-ல் வெள்ளை மாளிகை கொடுத்த மதிப்பீட்டின்படி 2025 முதல் 2035 வரை ஏறக்குறைய 710 கோடி டாலர். இதில் இராணுவ, உளவு அமைப்புகளின் செலவு சேரவில்லை. அது தனி!

ஃபர்ம்வேர் ஏன் முதலிடம்? ஒரு கருவி ஆன் ஆகும்போது தன் புரோகிராம் உண்மையானதா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அந்தச் சரிபார்க்கும் சாவி சில்லிலேயே பதிக்கப்பட்டிருக்கும். இன்று செயற்கைக்கோளில் பழைய சாவியைப் பதித்து மேலே அனுப்பிவிட்டால், 15 ஆண்டு கழித்து ஸ்குரூடிரைவர் எடுத்துக்கொண்டு போக முடியுமா? எதிரி போலிக் கையொப்பம் போட்டுத் தன் புரோகிராமை ஏற்றிவிட்டால் கருவியே அவன் கைக்குப் போய்விடும்.

இதற்காக எல்.எம்.எஸ்., எக்ஸ்.எம்.எஸ்.எஸ். என்ற இரண்டு முறைகளை அனுமதித்திருக்கிறார்கள். இவற்றில் ஒவ்வொரு சின்னச் சாவியையும் ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும். எத்தனையாவது சாவி வரை தீர்ந்தது என்று கணக்கு வைக்க வேண்டும். பழைய பேக்கப்பை எடுத்துப் போட்டதால் அந்தக் கணக்கு பின்னால் போய்விட்டால், ஒரே சாவி இரண்டு தடவை பயன்பட்டு எதிரி கையொப்பத்தைப் போலியாகப் போட வழி பிறக்கும். வெனோனாவில் சோவியத்துக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு முறைச் சாவியை இரு முறை பயன்படுத்தினார்கள். புது யுகம், ஆனால் அதே பள்ளம். கணக்கு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதைப் பராமரிப்பவர் ஒழுங்காக இருந்தால்தான் அது காக்கும்.

நண்பர்கள் கேட்ட கேள்விகள்

இதை விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது வந்த சில கேள்விகளைத் தருகிறேன்.

"அண்ணே, ஆர்.எஸ்.ஏ. எண்ணை இன்னும் பெரிசாக்கினா போதாதா?" – முதலாண்டுத் தம்பி.

"போதாது தம்பி. சாதாரணக் கணிப்பொறிக்கு எண் பெரிசாகப் பெரிசாகக் கஷ்டம் மலை மாதிரி ஏறும். ஷோர் முறைக்குக் கொஞ்சம்தான் ஏறும். நாம பூட்டைத் தூக்க முடியாம தூக்குவோம், அவன் சுலபமாத் திறந்துடுவான்."

"டேய், ஒளித்துகள் வெச்சே சாவி அனுப்பலாமாமே? சைனாக்காரன் 2016-ல அதுக்குச் செயற்கைக்கோளே விட்டான்ல?" – என் அறை நண்பன்.

"விட்டான்தான். மிசியஸ்னு பேரு. ஆனா என்.எஸ்.ஏ. அதைத் தன் அமைப்புகளுக்குப் பரிந்துரைக்கலை. தனிக் கருவி, தனிப் பாதை வேணும். அந்தப் பக்கம் இருக்கிறது நம்ம ஆள்தானான்னு அதால தனியாச் சொல்ல முடியாது. இடையில ஒருத்தன் தொட்டாலே நின்னுடும். கணக்குப் பூட்டு இருக்கிற கம்பியிலேயே ஓடும்."

"அந்த இயந்திரம் கடைசி வரைக்கும் வரவே இல்லன்னா? இவ்வளவு காசும் வீண்தானே?" – இன்னொருவன்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்.டி.5 என்ற பழைய முறை பலவீனமானது என்று 2004-ல் சீன ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். மாற்றுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் சில மூலைகளில் அது தங்கிவிட்டது. 2012-ல் மத்திய கிழக்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஃபிளேம் என்ற உளவு மென்பொருள், அந்த மூலையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் போலவே போலிச் சான்றிதழ் செய்திருந்தது. எட்டு வருஷம் கழித்து! குவாண்டம் எதுவும் இல்லை. எந்தப் பூட்டும் ஒரு நாள் பழசாகும். எங்கே எந்தப் பூட்டு இருக்கிறது என்று தெரிந்து, வேகமாக மாற்றும் வசதி இருந்தால் இந்த ஆபத்தையும் அடுத்த ஆபத்தையும் சமாளிக்கலாம். அதனால் காசு வீண் இல்லை.

இதில் கருத்து வேறுபாடும் உண்டு. பழைய பூட்டையும் புதிய பூட்டையும் சேர்த்துப் போடுங்கள், ஒன்று போனாலும் இன்னொன்று காக்கும் என்று ஜெர்மனி, பிரான்ஸ் நாட்டுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. புதியது மட்டுமே போதும், இரண்டு போட்டால் சிக்கல் கூடும் என்பது என்.எஸ்.ஏ.-வின் நிலை. சைக் உடைந்த கதையை நினைத்தால் இரட்டைப் பூட்டே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. 2,400 பிட் ரேடியோவை நினைத்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன வேலை?

புதிய பூட்டைக் கண்டுபிடிப்பது பெரிய கணித மேதைகளின் வேலை. ஆனால் ஒரு முகாமில் எத்தனை ரவுட்டர், எத்தனை ரேடியோ, எதில் எந்தச் சாவி, எதை அப்டேட் செய்யலாம், எதைத் தூக்கித்தான் எறிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் போடுவது டெக்னீஷியனின் வேலை. அமெரிக்க அரசும் 2022-ல் தன் துறைகளுக்குச் சொன்ன முதல் வேலை இந்தப் பட்டியல்தான். இராணுவத்தில் மட்டுமில்லை. வங்கி, மின்வாரியம், மருத்துவமனை, ரயில்வே என்று நாம் நாளைக்கு எங்கே போனாலும் இந்த வேலை காத்திருக்கும். ஆகவே இப்போதிருந்தே செய்யக்கூடியவை சில:

1. எந்தக் கருவியைத் தொட்டாலும் அதில் எந்தச் சங்கேத முறை இருக்கிறது என்று கையேட்டில் பார்த்துக் குறித்து வையுங்கள்.
2. புரோகிராம் எழுதும்போது சங்கேத முறையைப் புரோகிராம் முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரே இடத்தில் வையுங்கள். நாளைக்கு ஒரு வரியில் மாற்றலாம்.
3. கையொப்பத்துக்கு 64 பைட், 100 பைட் என்று இடத்தைக் கட்டிப்போடாதீர்கள். 4,627 வரப்போகிறது!
4. புராஜெக்ட் போர்டு செய்யும்போது ஃபர்ம்வேரைப் பின்னால் மாற்ற வழி வையுங்கள்.
5. எந்தத் தகவல் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அதிக ஆண்டு காக்க வேண்டியதை முதலில் மாற்றுங்கள்.

இந்த ஐந்தில் எதற்கும் குவாண்டம் இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. பொறுப்பும் கவனமும் இருந்தால் போதும். மேலே போட்ட கணக்குகளில் சந்தேகம் இருந்தால் கணிப்பொறிப் பிரிவு ஆய்வுக்கூடத்துக்கு மாலை வகுப்பு முடிந்ததும் வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். தேர்வு நெருங்குகிறது. அனைவரும் நல்ல மதிப்பெண் பெற வாழ்த்துக்கள்!